கிரிப்புக்கு அடியில் இன்னொரு சுற்று

கோல்ஃப் மட்டைகளை ஆளுக்கேற்ப அளந்து பொருத்தும் வேலைக்குச் சென்னையிலும் கோவையிலும் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். எப்படி அளப்பது என்று எழுதப்போவதில்லை. அதற்குக் கையேடு இருக்கிறது. அதில் இருப்பது சரிதான், வரி வரியாகப் பார்த்துவிட்டேன். உயரம், மணிக்கட்டிலிருந்து தரை வரை உள்ள தூரம், உள்ளங்கை அகலம், வீசும் வேகம், மட்டையில் பந்து படும் இடம். ஒரு மாதத்தில் வந்துவிடும். உங்களுக்குப் பக்கத்தில் கணினித் திரை வேறு இருக்கிறது. நீங்கள் கற்றுக்கொள்ளாவிட்டாலும் வாடிக்கையாளருக்கு அது தெரியாது.

நான் எழுதப்போவது எல்லா அளவையும் சரியாக எடுத்து, எல்லா மட்டையையும் சரியாகப் பொருத்தி, ஒரு மனிதரின் இரண்டு கைகளும் போவதற்குத் துணைநின்றதைப் பற்றி.

நான் புனேயை ஒட்டிய கட்கியில் பிறந்தவன். அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து ராணுவத் தளவாடத் தொழிற்சாலை வேலைக்குப் புனே வந்தவர். நான் டிப்ளமா முடித்துவிட்டு பிம்ப்ரியில் ஓர் எந்திரத் தொழிற்சாலையின் கேஜ் ரூமில் பதினான்கு வருடம் இருந்தேன். அளக்கும் கருவிகளையே அளந்து பார்க்கும் அறை அது. குளிர்சாதனம், கண்ணாடிக் கதவு, யாரும் உரக்கப் பேசக் கூடாது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்தப் பிரிவை மூடினார்கள். யெரவடா பக்கம் கோல்ஃப் சாமான் கடை வைத்திருந்த சிந்திக்காரர் ஒருவர், நூறில் ஒரு மில்லிமீட்டரை அளக்கத் தெரிந்தவன் வீட்டில் சும்மா இருக்கிறான் என்று கேள்விப்பட்டுக் கூப்பிட்டுக்கொண்டார். அவரை எல்லாரும் சேட் என்போம். கோல்ஃப் ஆட்டத்தை அதற்கு முன் வேலிக்கு வெளியே நின்றுகூட நான் பார்த்ததில்லை.

அப்போது ஊரில் பாதிப்பேர் வைத்திருந்தது மச்சான் துபாயிலிருந்தோ தம்பி அமெரிக்காவிலிருந்தோ கொண்டுவந்த மட்டைகள். ஆறடி வெள்ளைக்காரனுக்குச் செய்தவை. நம் ஆள் ஐந்தடி நான்கு அங்குலம். என்ன செய்வார்கள்? ஹாக்ஸா பிளேடால் மேல்முனையை அறுத்துவிடுவார்கள். அறுத்தால் ஷாஃப்ட், அதாவது மட்டையின் தண்டு, விறைத்துப்போகும், மட்டைத் தலையின் கனம் கைக்குத் தெரியாது. அதோடு நான்கைந்து வருடம் மல்லுக்கட்டி, இடுப்பைக் கெடுத்துக்கொண்டு, தன் ஆட்டம்தான் மட்டம் என்று முடிவுகட்டியவர்களை வாரத்துக்கு இருவராவது பார்ப்பேன்.

வந்த புதிதில் கற்றுக்கொண்டது, தன் உடம்பைப் பற்றி யாரும் உண்மை சொல்வதில்லை என்பது. ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவர் இருந்தார். வயது எழுபதுக்கு மேல். வீசும் வேகம் மணிக்கு எழுபது மைலுக்குக் கீழ். விறைப்பான ஷாஃப்டைத் தவிர வேறெதையும் தொடமாட்டேன் என்றார். நான் வளைந்து கொடுக்கும் ஷாஃப்டைப் போட்டு, அதில் ஒட்டியிருந்த ‘சீனியர்’ லேபிளைச் சுரண்டி எடுத்துவிட்டுக் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து வந்து, “பார்த்தாயா, விறைப்புதான் எனக்குச் சரி” என்று முதுகில் தட்டினார். கடையே சிரித்தது. அன்றிலிருந்து அதுவே என் வழக்கமாகிவிட்டது. வாடிக்கையாளரின் வாய் சொல்வதைக் கேட்காதே. அளவு சொல்வதைக் கேள். கேட்டதைச் சத்தமில்லாமல் மட்டையில் செய்துவிடு. நல்ல வழக்கம்தான். அதைத்தான் நாச்சிமுத்து சாரிடமும் செய்தேன்.

அவர் முதலில் வந்தது தொண்ணூற்றெட்டாம் வருடக் கடைசியில். கோயம்புத்தூர்க்காரர், ஐம்பதைத் தாண்டியவர், பிம்ப்ரியில் ஒரு தொழிற்சாலைக்கே தலைமை. தோளில் பையோடு உள்ளே வந்து சுற்றிப் பார்த்தார்.

“ஏனுங்க, இங்க தமிழ் பேசற ஆளு ஒருத்தர் இருக்கறார்னாங்க. நீங்கதானுங்களா?”

“நான்தான் சார். ஆனா என்னது கட்கித் தமிழ். பாதி இந்தி கலந்திருக்கும்.”

“இருந்துட்டுப் போகுது. என்ற மச்சான் அமெரிக்காவிலிருந்து இதைக் கொண்டாந்து குடுத்தான். நான் அடிச்சா பந்து முன்னால போகுதா பின்னால போகுதான்னே தெரியறதில்லீங்க. இதுக்கு முன்ன எங்க வேலை பாத்தீங்க?”

“கேஜ் இன்ஸ்பெக்‌ஷன்.”

“அடேங்கப்பா, இன்ஸ்பெக்டரா! என்ற ஃபேக்டரியில இன்ஸ்பெக்டரைக் கண்டாத்தான் எனக்கே பயம்.”

கடைசிவரை அவருக்கு நான் இன்ஸ்பெக்டர்தான்.

மட்டைகளைச் சரியானபடி குட்டையாக்கி, தலைக்குக் கொஞ்சம் கனம் சேர்த்து, கைப்பிடிக்கு மெல்லிய ரப்பர் கிரிப் போட்டுக் கொடுத்தேன். ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை எழுதி, அளவெல்லாம் குறித்து, அடியில் அவர் கையெழுத்தை வாங்கி வைப்பது கேஜ் ரூமிலிருந்து நான் கொண்டுவந்த பழக்கம். அந்த முதல் அட்டை எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது. பந்து பட்ட இடங்கள் எல்லாம் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கியிருந்தன. கையெழுத்து நீளமாக ஓடி, அடியில் இரண்டு கோடு இழுத்து முடிந்திருந்தது.

எட்டு மாதம் கழித்து, நல்ல மழைக்காலத்தில், மறுபடி வந்தார்.

“கிரிப்பு வழுக்குதுங்க.”

மழையில் எல்லாருக்கும் வழுக்கும். கையை நீட்டச் சொல்லி, அழுத்தச் சொல்லிப் பார்த்தேன். இடது கையின் பிடி முன்பைவிடத் தளர்ந்திருந்தது. கையேடு என்ன சொல்கிறது? பிடி தளர்ந்தவருக்கு கிரிப்பைத் தடிமனாக்கு. ரப்பரைக் கழற்றி, அடியில் இரண்டு சுற்று டேப் சுற்றி, மறுபடி மாட்டினேன். பின்னால் வலை கட்டிய இடத்தில் பத்து பந்து அடித்துப் பார்த்தார். நேராகப் போயின.

“இன்ஸ்பெக்டரே, நீங்க மந்திரவாதிங்க.”

அட்டையில் ‘பிடி தளர்வு, இரண்டு சுற்று’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன்.

அந்த மழை நிற்பதற்குள் தத்து என்னிடம் வந்தான். நாச்சிமுத்து சாரின் பையைத் தூக்கிக்கொண்டு மைதானம் முழுக்க நடப்பவன், கோல்ஃபில் கேடி என்பார்கள். நாற்பது வயது இருக்கும், யெரவடாக்காரன். மராட்டியும் இந்தியும் கலந்து பேசுவான். தமிழ் ஆட்கள் எல்லாரும் அவனுக்கு அண்ணாதான். கடைக்குப் பின்னால் டீ குடித்துக்கொண்டிருந்தபோது சொன்னான்.

“அண்ணா, சாஹேப்புக்குக் கை சரியில்லை.”

“தெரியும். டேப் சுத்திக் குடுத்திருக்கேன்.”

“மட்டையைச் சொல்லலை அண்ணா. கையைச் சொல்றேன். அடிக்கறதுக்கு முன்ன பந்தை அந்த மர ஆணி மேல வைக்க நாலு தடவை குனியறார். கையுறையை நான்தான் மாட்டிவிடறேன். மேட்டுல ஏறும்போது என் தோளைப் பிடிச்சுக்கறார்.”

“வயசாகுது தத்து.”

“எனக்கும்தான் ஆகுது. நான் டீ கிளாஸைக் கீழ போடலையே.”

“அவர்கிட்டயே சொல்றதுதானே?”

“நான் பை தூக்கறவன். நீங்க அளவெடுக்கறவர். நீங்க சொன்னா கேப்பார்.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? உடம்பின் மாற்றத்துக்கு ஏற்ப மட்டையை மாற்றுவதற்குத்தான் நாங்கள் இருக்கிறோம் என்று ஒரு சின்னச் சொற்பொழிவு. கிரிப்பின் விட்டத்தைப் பற்றியெல்லாம் அவனுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு கிளாஸைக் கழுவி வைத்துவிட்டுப் போனான். எனக்கு அறிவு சொல்ல வந்துவிட்டான் என்று மனதில் நினைத்தது நிஜம். படித்தவனுக்கு உள்ள வியாதி அது. உங்களுக்கும் இருக்கும், உங்கள் சான்றிதழ்கள் என்னுடையதைவிடப் பெரியவை.

தீபாவளி முடிந்து மூன்றாம் முறை வந்தார். பந்து தூரம் போகவில்லை என்றார். வேகத்தை எடுத்தேன். முதல் அட்டையில் இருந்ததில் கால்வாசி காணாமல் போயிருந்தது. பந்து பட்ட இடங்கள் மட்டை முழுக்கச் சிதறிக் கிடந்தன. நிற்கும்போது கால்களை முன்பைவிட நான்கு விரல்கடை அகட்டி நின்றார். தரை ஆடுவதுபோல. அகட்டி நின்றால் மட்டையின் சாய்வு மாறும். கருவியில் வைத்து வளைத்துச் சாய்வைத் திருத்தினேன். கனமான இரும்பு ஷாஃப்டை எடுத்துவிட்டு லேசான கிராஃபைட் போட்டு, கிரிப்புக்கு அடியில் மூன்றாவது சுற்றும் சுற்றினேன். எல்லாம் முறைப்படி.

கையெழுத்துக்கு அட்டையை நீட்டினேன். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். மூடியைத் திறக்க வரவில்லை. பல்லால் கடித்துத் திறந்தார். எழுத்து கோணலாக ஓடியது. அடியில் ஒரு கோடுதான் போட்டார், அதுவும் பாதியில் நின்றது.

“என்னங்க இன்ஸ்பெக்டரே, அப்படிப் பாக்கறீங்க?”

“சார், கை...”

“கழுத்து புடிச்சுக்குதுங்க. அதுல கை மரத்துப்போகுது. ஃபைல் ஃபைலாக் கையெழுத்துப் போட்டா மரக்காம என்ன பண்ணும்?”

“ஒரு தடவை டாக்டர்கிட்ட...”

“டாக்டர்கிட்டப் போனா ஆடாதேம்பான். உங்ககிட்ட வந்தா ஆட வைக்கறீங்க. நான் எங்க வரட்டும், சொல்லுங்க?” சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஜனவரியில எங்க சேர்மன் வர்றாருங்க. கம்பெனிப் போட்டி. அவரோட சேர்ந்து ஆடற நாலு பேர்ல நானும் ஒருத்தன். போர்டுக்கு எடுக்கறதா, வீட்டுக்கு அனுப்பறதான்னு பதினெட்டுக் குழி முடியறதுக்குள்ள முடிவு பண்ணிருவார். அவர் பழக்கம் அது. அன்னிக்கு நான் நின்னு ஆடணும். அப்புறம் எந்த டாக்டரை வேணாப் பாக்கறேன்.”

அவர் போன பிறகு சேட்டிடம் சொன்னேன். சேட் நல்ல மனிதர், என் மகள் கல்யாணத்துக்கு மூன்று நாள் கடையை மூடிவிட்டு வந்து நின்றவர். யோசித்துவிட்டுத்தான் சொன்னார்: “பாய், நாம் ஷாஃப்ட் விற்கிறோம். நாடி பார்ப்பதில்லை. நீ ஒன்றைச் சொல்லி அது இல்லையென்று ஆனால், அவர் திரும்ப வரமாட்டார். அவரோடு வரும் பத்துப் பேரும் வரமாட்டார்கள்.”

சேட் மேல் பழி போட இதை எழுதவில்லை. அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். கேஜ் ரூமில் ஒரு விதி உண்டு. அளவு இப்படியும் அப்படியும் ஊசலாடினால் கவலைப்படாதே, எந்திரம் என்றால் ஆடும். தொடர்ந்து ஒரே பக்கமாக நகர்ந்தால் எந்திரத்தை நிறுத்து. பொருளைத் திருத்திக்கொண்டே போகாதே. எங்கேயோ ஒரு பேரிங் செத்துக்கொண்டிருக்கிறது. இதைப் புதிதாக வரும் ஆட்களுக்கு நான் வகுப்பாகவே எடுத்திருக்கிறேன். கரும்பலகையில் படம் போட்டு.

ஆனால் கோல்ஃப் கடையில் உடம்பைக் கேள்வி கேட்பதில்லை. உடம்பு எப்படி வருகிறதோ அப்படியே ஏற்றுக்கொண்டு மட்டையை மாற்றுவதுதான் தொழில். முதுகு வளைந்தவருக்கு அதற்கேற்ற மட்டை, முழங்கால் மடங்காதவருக்கு அதற்கேற்ற மட்டை. அதில்தான் நமக்குப் பெருமை. அந்தப் பெருமையில் நான் பதினான்கு வருடப் பாடத்தை மறக்கவில்லை. ஓரமாக வைத்துவிட்டேன். மறந்திருந்தால் மன்னிக்கலாம்.

போட்டிக்கு மூன்று நாள் முன்பு, காலையில், அவர் நான்காம் முறை வந்தார். வெளியே கார் எஞ்சினை நிறுத்தாமல் ஓடவிட்டிருந்தார்கள்.

“இன்னொரு சுத்துப் போடுங்க இன்ஸ்பெக்டரே. சீக்கிரம்.”

“உட்காருங்க சார். அளவு எடுத்துக்கறேன்.”

“அளவெல்லாம் வேண்டாமுங்க. சுத்துங்க போதும்.”

இருந்தாலும் எடுத்தேன். விரல்கள் மூடின, ஆனால் மூடித் திறக்க நேரம் பிடித்தது. பழைய மூன்று அட்டைகளை எடுத்துப் புதியதோடு மேசைமேல் வரிசையாக வைத்தேன். பிடி, வேகம், கால் அகலம். எல்லாம் ஒரே பக்கமாக நகர்ந்திருந்தன. கையெழுத்தும்தான். எந்தக் கேஜ் இன்ஸ்பெக்டரும் அதைப் பார்த்து ஐந்து நொடியில் ‘நிறுத்து’ என்ற சிவப்புத் துண்டுச் சீட்டை ஒட்டியிருப்பான்.

சொல்வதற்கு வாக்கியம்கூடத் தயாராக இருந்தது. சார், இது மட்டைக் கோளாறு இல்லை. இதற்கு மேல் நான் சுற்றமாட்டேன். அவ்வளவுதான். வாயிலிருந்து வந்தது வேறு.

“தத்துகூடச் சொன்னான் சார், நீங்க மேட்டுல ஏறும்போது...”

அவர் முகம் சிவந்தது. “தத்து யாருங்க? பை தூக்கறவன் என்ற காலைப் பத்திப் பேசறானா? நீங்களும் உக்காந்து கேட்டுட்டு இருக்கறீங்க!”

வெளியே ஹார்ன் அடித்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சேட் தலையைத் தூக்கிப் பார்த்தார். நாச்சிமுத்து சார் சட்டென்று தணிந்தார். தணிந்த குரல்தான் மோசம். “மூணே நாளுங்க. மூணு நாளைக்குத் தாங்கினாப் போதும். என்ற வாழ்க்கைங்க இது.”

நான் நான்காவது சுற்றையும் சுற்றினேன். கிரிப் கிரிக்கெட் மட்டையின் கைப்பிடி அளவுக்கு வந்திருந்தது. நல்ல வேலை, ஓர் இடத்தில்கூடச் சுருக்கம் கிடையாது.

போட்டியன்று நான் மைதானத்தில் இல்லை. தத்து இருந்தான், அவன் சொல்லித்தான் தெரியும். முதல் ஏழு குழி சுமாராக ஆடினாராம். சேர்மன் அவரோடு பேசிச் சிரித்துக்கொண்டே வந்தாராம். எட்டாவது குழிக்கு இறங்கும் இடத்தில் நான்கு கல்படி உண்டு. இரண்டாவது படியில் கால் எழவில்லை. முகங்குப்புற விழுந்தார். பெரிய விழுகை இல்லை. நெற்றியில் ஒரு சிராய்ப்பு. சேர்மன்கூட, “எழுந்திருங்கள், எழுந்திருங்கள்” என்று சிரித்தாராம்.

“எழுந்திருக்கலை அண்ணா,” என்றான் தத்து. “என்னமோ தமிழ்ல கேட்டார். எனக்குப் புரியலை. அப்புறம் இந்தியில கேட்டார். தத்து, என் கை எங்க இருக்குன்னு. கை அவர் நெஞ்சுக்கு அடியில இருந்தது.”

கழுத்து எலும்புகளுக்கு நடுவே வழி குறுகி, தண்டுவடத்தை ஒரு வருடத்துக்கு மேலாகக் கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கிக்கொண்டிருந்திருக்கிறது. அந்தச் சின்ன விழுகை மிச்சத்தை முடித்துவிட்டது. மறுநாளே அறுவை சிகிச்சை செய்தார்கள். எப்போதிலிருந்து கை தளர்ந்தது என்று மருத்துவர் கேட்டதற்கு இரண்டு மாதமாக என்று இவர் சொல்லியிருக்கிறார்.

என் மேசை இழுப்பறையில் நான்கு அட்டைகள் இருந்தன. தேதி போட்டு, கையெழுத்து வாங்கியவை.

“கொண்டுபோகாதே,” என்றார் சேட். “நாளைக்கு யாராவது வக்கீல் வந்து, எல்லாம் தெரிந்துதான் மட்டை விற்றீர்களா என்று கேட்பான். நீ நல்லது செய்யப் போய்...”

இரண்டு நாள் கொண்டுபோகவில்லை. இதையும் எழுதிவிடுகிறேன், மூன்றாம் நாள் போனதை மட்டும் எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் பொய்.

மருத்துவர் என்னைவிட இளையவர், மராட்டிக்காரர். அட்டைகளை ஒன்றொன்றாகப் பார்த்தார். பிறகு வரிசையாக வைத்தார், நான் வைத்த மாதிரியே.

“யார் எடுத்த அளவு?”

“நான்தான்.”

“இவ்வளவு ஒழுங்கான பதிவை எந்த ஆஸ்பத்திரியிலும் நான் பார்த்ததில்லை.” இரண்டாவது அட்டையில் விரலை வைத்தார். “இங்கே வந்திருந்தால் கை பெரும்பாலும் மிஞ்சியிருக்கும்.” மூன்றாவதில் வைத்தார். “இங்கே வந்திருந்தால்கூட இந்த விழுகைக்கு முன்னால் ஏதாவது செய்திருக்கலாம். ஆபரேஷன் போனதைத் திருப்பித் தராது. மேலே போகாமல் நிறுத்தும், அவ்வளவுதான்.” நான்காவதை அவர் தொடவில்லை.

பின்னால் யாரோ நிற்பது அப்போதுதான் தெரிந்தது. நாச்சிமுத்து சாரின் மனைவி சரோஜா. கையில் பிளாஸ்க்.

வராந்தாவுக்கு வந்ததும் கேட்டார். “ஏனுங்கண்ணா, இதெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சே இருந்துதுங்களா?”

“அளவு தெரியும்மா. வியாதி தெரியாது.”

விசாரணைக் கமிட்டி முன்னால் சொல்லத் தகுந்த பதில். ஒரு சொல் தப்பில்லை.

“எனக்கு அந்த அளவைக்கூட யாரும் சொல்லலீங்களே,” என்றார் அந்த அம்மா. பிளாஸ்கை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

உங்களுக்கு ஏதாவது பயன் இருந்தால் அது இந்த இடத்தில்தான். வியாதியைக் கண்டுபிடிப்பது உங்கள் வேலை இல்லை, அதற்கு முயலவும் வேண்டாம். நாலு புத்தகம் படித்துவிட்டு வாடிக்கையாளரைப் பயமுறுத்துகிறவனை நானே கடையிலிருந்து துரத்துவேன். உங்களிடம் இருப்பது எண்கள் மட்டும். அந்த எண்களை வாயைத் திறந்து சொல்லுங்கள். “போன தடவை இவ்வளவு இருந்தது, இப்போது இவ்வளவு. காரணம் எனக்குத் தெரியாது. தெரிகிற வரை மட்டையைத் தொடமாட்டேன்.” கூட மனைவி வந்திருந்தால் அவர் காதிலும் விழும்படி சொல்லுங்கள். பை தூக்குபவர் ஏதாவது சொன்னால் உட்காரவைத்துக் கேளுங்கள். அவர் அந்த உடம்போடு வாரத்துக்கு எட்டு மணி நேரம் நடக்கிறார், நீங்கள் வருடத்துக்கு நாற்பது நிமிடம் பார்க்கிறீர்கள்.

அதற்குப் பிறகு நான் வேலையில் இருந்த வருடங்களில் மூன்று பேரிடம் இப்படிச் சொன்னேன். ஒருவருக்குச் சர்க்கரை முற்றியிருந்தது. ஒருவருக்கு ஒன்றுமே இல்லை, ஊர் முழுக்க என்னைக் கேலி செய்தார். மூன்றாமவர் என்னைத் திட்டிவிட்டு வேறு கடைக்குப் போனார். அங்கே என்ன செய்துகொடுத்தார்களோ தெரியாது.

நாச்சிமுத்து சாரின் கதை ஆஸ்பத்திரியோடு முடியவில்லை. ஐந்தாறு மாதம் கழித்து அந்த அம்மா துணிப்பையோடு கடைக்கு வந்தார். உள்ளே ஒரு ஸ்பூன், பல் துலக்கும் பிரஷ், சீப்பு.

“கைப்பிடியைத் தடிமனாப் பண்ணச் சொன்னாங்க, பிசியோதெரபிக்காரங்க. இவரு உங்ககிட்டத்தான் குடுக்கோணும்னாரு.”

“அவரே சொன்னாரா?”

“இன்ஸ்பெக்டருக்குத்தான் என்ற கை அளவு தெரியும்னாருங்க.”

ஹடப்சரில் அவர்கள் ஃபிளாட்டுக்குப் போனேன். கால் ஓரளவு திரும்பி வந்திருந்தது, வாக்கரைத் தள்ளிக்கொண்டு நடந்தார். கைகள் மடியில் கிடந்தன. வேலையை விட்டுவிட்டதாக அவரே சொன்னார். ஸ்பூனுக்கு ஐந்து சுற்று சுற்றி, பழைய கிரிப் ரப்பரை வெட்டி மேலே மாட்டினேன். மூன்றாம் முயற்சியில் தயிர்ச்சாதம் வாய்க்குப் போனது. அந்த அம்மா சமையலறைக்குள் போய்விட்டார்.

மூன்று வாரம் கழித்து ஃபோன் வந்தது. போனேன். சாதம் பிசைந்து தட்டில் தயாராக இருந்தது.

“வழுக்குது இன்ஸ்பெக்டரே. இன்னொரு சுத்துப் போட்டுருங்க.”

கையைப் பிடித்துப் பார்த்தேன். பெருவிரலும் சுட்டுவிரலும் போன தடவை ஒன்றையொன்று தொட்டன. இப்போது நடுவில் பென்சில் நுழையும் அளவுக்கு இடைவெளி. நான் டேப் பெட்டியைத் திறக்கவில்லை.

“சார், போன தடவை இந்த ரெண்டு விரலும் தொட்டுது. இப்ப தொடலை. ஏன்னு எனக்குத் தெரியாது. டாக்டர் பார்த்த பிறகு சுத்தறேன்.”

“ஏனுங்க, ஸ்பூனைக் கேட்டா ஆஸ்பத்திரிங்கறீங்க! சோறு ஆறுதுங்க.”

“ஆறட்டும் சார்.”

“நல்லா இருந்த நாள்ல வாயைத் திறக்கலை. இப்ப வந்து...” கெட்ட வார்த்தை ஒன்று சொன்னார். நான் வாங்கிக்கொண்டேன். சரோஜா அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு ஆட்டோ பிடிக்கக் கீழே இறங்கிவிட்டிருந்தார்.

மருத்துவர் அரை மணி நேரம் பார்த்தார். சுத்தியலால் தட்டினார், ஊசியால் குத்திக் கேட்டார், படம் எடுத்துப் பார்த்தார். தண்டுவடத்தில் புதிதாக எதுவும் இல்லை என்றார். கையின் தசை இளைத்துவிட்டது, அதனால்தான் வழுக்குகிறது. மோசமாகப் போகவில்லை. இனி தேறவும் தேறாது. கை இவ்வளவுதான்.

ஆட்டோவில் திரும்பினோம். ஹடப்சர் வரை சிக்னல் சிக்னலாக நின்று வந்தோம். வீட்டில் அந்த அம்மா சாதத்தை எடுத்துவிட்டு வேறு பிசைந்துகொண்டு வந்தார். நாச்சிமுத்து சார் நாற்காலியில் உட்கார்ந்து, வலது கையை இடது கையால் தூக்கி மேசைமேல் வைத்தார். என்னைப் பார்த்தார்.

“இப்பச் சுத்துவீங்களா?”

பெட்டியைத் திறந்து டேப்பை எடுத்தேன்.